பள்ளி கொடுத்த கோடைக் கையேடு: 49 நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகு

28 பக்கக் கையேட்டில் 19-ஆம் பக்கம் மட்டும் இப்போது எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மற்ற பக்கங்களில் சில கிழிந்துபோயின. சில இன்னும் பென்சில் படாமல் புதுசாகவே இருக்கின்றன. ஒரு பக்கத்தின் ஜெராக்ஸை நானே கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினேன். பள்ளி கடைசி நாளில் பிள்ளைகளின் பையில் வைத்து அனுப்பிய, ஆண்டு இறுதிச் செய்திகளும் கோடைத் திட்டமும் சேர்ந்த கையேடு அது. வந்த அன்றே புரட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லியிருக்கலாம். ஆனால் லீவின் ஆறாவது வாரத்தில் அதில் எந்தப் பக்கம் இன்னும் புழங்குகிறது என்று பார்த்தால்தானே அதன் தரம் தெரியும்? அதனால்தான் பள்ளி திறக்கும் வரை காத்திருந்து எழுதுகிறேன்.

நான் அச்சகத்தில் 31 வருஷம் மெய்ப்புப் பார்த்து, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தி, ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் பாடநூல்களும் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களும்தான் என் மேஜைக்கு வந்தன. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். லீவு விட்டால் பகல் முழுதும் பேத்தியும் பேரனும் என் பொறுப்பு. பேத்தி மூன்றாம் வகுப்பு முடித்தாள், பேரன் ஒன்றாம் வகுப்பு. செய்திப் பக்கங்கள் எல்லா வகுப்புக்கும் பொது, பயிற்சிப் பக்கங்கள் மட்டும் வகுப்புக்கு வகுப்பு வேறு. ஆக, எங்கள் வீட்டுக்கு இரண்டு கையேடுகள் வந்தன. இரண்டையும் அட்டை முதல் அட்டை வரை படித்தேன்.

முதல் எட்டுப் பக்கம் செய்திகள். தலைமை ஆசிரியரின் கடிதம், நூலகர் ஓய்வு பெறும் செய்தி, லீவில் கழிப்பறைகளைப் புதுப்பிக்கப் போகும் அறிவிப்பு, கேட்பாரற்றுக் கிடக்கும் தண்ணீர் பாட்டில்கள், ஸ்வெட்டர்கள், ஒற்றை ஷூ ஒன்றின் படம். இதெல்லாம் தேவையான செய்திதான், ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். நூலகருக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு வரி எழுதிய அரைப்பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். 'நீங்க கிழிஞ்ச பக்கத்தை ஒட்டறப்போ நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்' என்று ஒரு வகுப்பு எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு அதைவிட நல்ல பிரிவுபசாரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் பள்ளி திறக்கும் நாள் 2-ஆம் பக்கத்தில் திங்கட்கிழமை என்றும் 7-ஆம் பக்கத்தில் புதன்கிழமை என்றும் அச்சாகியிருந்தது. கையேட்டிலேயே பெற்றோர் கட்டாயம் தேடிப் பார்க்கும் ஒரே தகவல் அதுதான். என் மகள் அதை நம்பித்தான் அலுவலகத்தில் லீவு சொல்ல வேண்டும். பள்ளி ஆபீஸுக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. திருத்தம் குறுஞ்செய்தியாக வருவதற்கு இரண்டு வாரம் ஆனது. தேதி, கிழமை, நேரம் இந்த மூன்றையும் கடைசி மெய்ப்பில் தனியாக எடுத்து, ஒருவர் படிக்க இன்னொருவர் காலண்டரோடு ஒத்துப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஐந்து நிமிட வேலை. அடுத்த வருஷம் அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிட என்னை உறுத்தியது 6-ஆம் பக்கம். அடுத்த வருஷம் யார் எந்தப் பிரிவு என்ற பட்டியல் அது.

பேத்தி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து ஆள்காட்டி விரலை வைத்துப் பெயர் பெயராக இறங்கினாள். தன் பெயரில் விரல் நின்றது. மறுபடி மேலிருந்து தொடங்கினாள். மூன்றாவது தடவைதான் பக்கத்துப் பத்திக்குப் போனாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதியின் பெயர் அங்கே இருந்தது. அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே லஞ்சு யார்கூட தாத்தா சாப்பிடுவேன்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சிநேகிதியின் வீட்டு எண்ணும் எங்களிடம் இல்லை. பிரிவுகளை மாற்றுவதற்குப் பள்ளிக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கேட் மூடிய பிறகு பையிலிருந்து எடுத்துப் படிக்கும்படி வைத்ததுதான் தப்பு. ஒரு வாரம் முன்னால் வகுப்பில் டீச்சர் வாயால் சொல்லியிருந்தால் இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியிருப்பார்கள், கேட்க வேண்டியதை டீச்சரிடமே கேட்டிருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு வருஷக் கடைசியில் வரும் பெரிய செய்தி கழிப்பறை புதுப்பிப்பதா? சிநேகிதி எந்தப் பிரிவு என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதிலும் அதே கையேட்டில் இருந்தது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எங்கள் கண்ணில் பட்டது. 5-ஆம் பக்கத்தில், மேல் வகுப்புப் பிள்ளைகள் அந்த வகுப்புக்கு வரப்போகிறவர்களுக்கு எழுதிய கடிதங்களை அப்படியே, அவர்கள் கையெழுத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். நாலாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்று எழுதியிருந்தது: 'செக்‌ஷன் மாறினாலும் கவலைப்படாதீங்க. லஞ்சு பெல் அடிச்சா எல்லாரும் ஒரே வராண்டாதான். இடம் பிடிச்சு வைக்கணும், அவ்வளவுதான்.' பேத்தி அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். பேரனுக்கு வந்த கடிதம் இன்னும் சின்னது. 'ரெண்டாங் கிளாஸ் மிஸ் சத்தமாப் பேசுவாங்க. அது கோபம் இல்ல. அவங்க குரலே அப்படித்தான்.' அவன் அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இந்தப் பக்கத்தை யோசித்த ஆசிரியர் யாரோ, அவருக்கு என் வணக்கம். அடுத்த வகுப்பு எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைக்கு நம்பும்படி சொல்ல, ஒரு வருஷம் மூத்த இன்னொரு பிள்ளையால்தான் முடியும்.

அப்புறம் கோடைத் திட்டம். 9-ஆம் பக்கத்தின் தலையில், கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'விடுமுறையில் குழந்தைகள் கற்றதில் பாதியை மறந்துவிடுகிறார்கள்.' இந்த வரியோடு எனக்குச் சண்டையே உண்டு. கோடை மறதி என்பது உண்மையாகவே ஆராய்ந்த விஷயம்தான். ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1996-இல் அதுவரை வந்த 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதப் பள்ளிப் படிப்பு அளவுக்குப் பின்தங்குவதாகத்தான் அவர்கள் கண்டார்கள். பாதி இல்லை. அதிலும் எல்லாப் பாடமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கணக்குப் போடும் பழக்கமும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதும் அதிகம் தேய்கின்றன, படித்துப் புரிந்துகொள்வது அவ்வளவு இல்லை. அந்தச் சராசரிகூட எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துமா என்று பால் வான் ஹிப்பல் போன்றவர்கள் பின்னால் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். பழைய தேர்வுகள் அளந்த விதத்திலேயே கோளாறு இருந்தது என்பது அவர்கள் வாதம். ஆக, பெற்றோரைப் பயமுறுத்தும் அந்த வரிக்கு ஆதாரம் கிடையாது. என் மகள் அதைப் படித்துவிட்டு முதல் வாரமே நேர அட்டவணை போட உட்கார்ந்தாள். 'கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், தினமும் கொஞ்சம் போதும்' என்று எழுதியிருந்தால் உண்மையாகவும் இருந்திருக்கும், உதவியாகவும் இருந்திருக்கும்.

10 முதல் 18 வரை பயிற்சிப் பக்கங்கள். அட்டையோடு சேர்த்து உள்ளேயும் ஏறக்குறைய எல்லாமே பளபளப்பான ஆர்ட் பேப்பர். படங்கள் அழகாக விழுந்திருந்தன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாளில் பென்சில் பிடிக்காது. தாளின் மேல் பூச்சு இருப்பதால் கரி ஒட்டாமல் வழுக்கும், ரப்பரால் தேய்த்தால் அழியாமல் சாம்பல் நிறத்தில் இழுபடும். பேத்தி முதல் கணக்கைப் போட்டு, தப்பு என்று அழிக்கப் போய், பக்கமே மேகம் சூழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் எழுதப் போகும் பக்கத்துக்குப் பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாள்தான் சரி. நான் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வந்த பிறகுதான் வேலை நடந்தது. பேரனின் புத்தகத்தில் இன்னொன்று. எழுதுவதற்கு விட்ட கோடுகளுக்கு இடையே 6 மில்லிமீட்டர்தான் இடம். ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துக்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். அவன் எழுத்து ஒரு கோட்டில் நின்று அடுத்த கோட்டுக்குள் தலையை நீட்டியது.

கணக்குகள் நல்ல கணக்குகள்தான். அடுக்கிய விதம்தான் சரியில்லை. 12-ஆம் பக்கம் முழுக்க, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு 40. ஒரே மாதிரி, ஒரே நெருக்கத்தில். பேத்தி ஏழாவது கணக்கில் நின்றுவிட்டாள். 503-இலிருந்து 278-ஐக் கழிக்க வேண்டும். மூன்றில் எட்டுப் போகாது, பக்கத்தில் கடன் கேட்கலாம் என்றால் அங்கே பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. அவள் பூஜ்யத்தை அடித்துப் பத்து என்று எழுதினாள், ஐந்தைத் தொடவில்லை. 335 என்று விடை வந்தது. "சரியா தாத்தா?" என்றாள்.

சரி, தப்பு என்று நான் எதுவும் சொல்லவில்லை. புளியங்கொட்டையும் குச்சிகளும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். நூறு குச்சிக் கட்டு ஐந்து, பத்துக் கட்டு ஒன்றுமில்லை, உதிரி மூன்று கொட்டை. "எட்டுக் கொட்டை எனக்குக் கொடு" என்றேன். மூன்றைக் கொடுத்துவிட்டுத் திகைத்தாள். பத்துக் கட்டைத் தேடினாள், இல்லை. அப்புறம் தானாகவே ஒரு நூறு கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாகக் கட்டினாள். பத்துக் கட்டுப் பத்து வந்தது. அதில் ஒன்றை எடுத்து உதிரிக் கொட்டையாக மாற்றினாள். "அப்போ இங்க ஒம்போதுதான் மிச்சம் இருக்கு!" என்றாள். பேப்பரை இழுத்து ஐந்தை அடித்து நாலாக்கி, பூஜ்யத்தை ஒன்பதாக்கி, மூன்றைப் பதின்மூன்றாக்கினாள். 225. பிறகு 278-ஓடு 225-ஐக் கூட்டி 503 வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டாள். அந்தக் கூட்டல் யோசனை கையேட்டின் ஓரத்தில் ஒரு கிளிப்படத்தின் வாயில் போட்டிருந்தது. நல்ல யோசனை. ஆனால் பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்குவது எப்படி என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்காவது செய்து காட்டியிருக்க வேண்டும். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை அந்த ஏழாவது கணக்கோடு புத்தகத்தை மூடிவிடும்.

அன்றே 12-ஆம் பக்கத்தின் ஜெராக்ஸை வெட்டி 40 துண்டாக்கிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டேன். தினமும் காலையில் கண்ணை மூடி இரண்டு துண்டு எடுக்க வேண்டும். இரண்டே இரண்டுதான், மூன்றாவது கேட்டாலும் கிடையாது. நினைவாற்றலை ஆராய்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்மேல் சோதனை செய்து எழுதியதுதான் இதற்கு அடிப்படை: ஒரேயடியாகப் படிப்பதைவிட நாள் விட்டுப் பரப்பிப் படித்தால் மனதில் தங்கும். இருபது நாளில் டப்பா காலி. மறுபடி எல்லாத் துண்டையும் உள்ளே போட்டோம். இரண்டாவது சுற்றில் பூஜ்யம் வந்தால் அவள் முகம் மாறவே இல்லை. பள்ளியே அந்தப் பக்கத்தை நாளுக்கு இரண்டாகப் பிரித்து, பழைய கணக்கும் புதுக் கணக்கும் கலந்து கொடுத்திருந்தால் எல்லா வீட்டிலும் இது நடந்திருக்கும். கடைசி வாரத்தில் ராத்திரி உட்கார்ந்து 40-ஐயும் முடித்த வீடுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

படிப்புப் பக்கங்கள் 21 முதல் 24 வரை. இங்கே பள்ளி நன்றாக யோசித்திருக்கிறது. புத்தகப் பட்டியல் திணிக்கவில்லை. 'பிள்ளை தானே தேர்ந்தெடுத்த எந்தப் புத்தகமும் சரி, தினமும் 20 நிமிடம்' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு கட்டத்தில், பிள்ளை சத்தமாகப் படிக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், முடிந்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்றும் இருந்தது. அந்தக் கட்டம்தான் இதில் முக்கியம். ஜேம்ஸ் கிம், தாமஸ் வைட் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு 3 முதல் 5 வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. கோடையில் புத்தகம் மட்டும் கொடுத்தால் பெரிய மாற்றம் தெரியவில்லை. சத்தமாகப் படிக்கவும் புரிந்துகொண்டதைச் சொல்லவும் பழக்கிக் கொடுத்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள்.

ஆனால் அந்தப் பக்கத்தின் மறுபுறம் போட்ட பதிவு அட்டவணை இதையெல்லாம் கெடுத்துவிட்டது. தேதி, புத்தகத்தின் பெயர், நிமிடம், பெற்றோர் கையெழுத்து. நாலு பத்தி. பேரன் ஒரே புத்தகத்தைத்தான் தினமும் எடுத்தான், ஒரு யானையும் தொலைந்துபோன குடையும் வரும் படக்கதை. 11 நாள் அதே யானை. ஒவ்வொரு நாளும் அதே பெயரை எழுத வேண்டுமா என்று அவனுக்குச் சந்தேகம், இது கணக்கில் சேருமா என்று மகளுக்குச் சந்தேகம். தாராளமாகச் சேரும். ஜே சாமுவேல்ஸ் 1979-இல் விளக்கிய திரும்பப் படித்தல் முறையே இதுதான்: தெரிந்த பகுதியையே மீண்டும் மீண்டும் படிக்கும்போது தடுமாற்றம் குறைந்து வேகம் வருகிறது, வேகம் வந்தால் பொருளைக் கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கிறது. நான் அதைக் காதாலேயே கேட்டேன். முதல் நாள் 'கு... டை... யை... க்' என்று எழுத்தெழுத்தாகத் தட்டுத் தடுமாறினான். எட்டாம் நாள் யானைக்கு ஒரு குரல், குடைக்காரருக்கு இன்னொரு குரல். பத்தாம் நாள், "யானைக்குக் குடை எங்க இருக்குன்னு முதல்லயே தெரியும் தாத்தா, படத்துல கண்ணைப் பாரு" என்றான். நான் பார்த்தேன். உண்மைதான், மூன்றாவது பக்கத்திலேயே யானையின் கண் அந்தப் புதர்மேல்தான் இருந்தது. 31 வருஷம் மெய்ப்புப் பார்த்த என் கண்ணுக்குப் படாதது அவனுக்குப் பட்டது. அட்டவணையில் 'மறுபடி படித்தேன்' என்று ஒரு பத்தி சேர்த்து, கையெழுத்துப் பத்தியை எடுத்துவிட்டால் போதும்.

பள்ளியே நடத்திய இரண்டு வாரக் கோடை முகாம் பற்றி 25, 26-ஆம் பக்கங்கள். பேரன் மட்டும் போனான். களிமண், ஓட்டம், பாட்டு, நீர்வண்ணம். சந்தோஷமாகப் போய்ச் சட்டையெல்லாம் அழுக்காகி வந்தான். 'பாடத்திலும் முன்னேற்றம் காணலாம்' என்ற வாசகத்தை மட்டும் எடுத்துவிடலாம். அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நீண்ட ஆய்வில், கோடை வகுப்புக்கு 20 நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளிடம்தான் கணக்கில் பலன் நிலைத்தது. பத்து நாள் முகாமில் விளையாடட்டும், அது போதுமான காரணம். விளையாட்டும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவே சொல்கிறதே.

இனி 28-ஆம் பக்கம், அதாவது பின்னட்டை. பள்ளியின் முகவரிக்குக் கீழே, கையேட்டிலேயே மிகச் சின்ன எழுத்தில், என் கண்ணுக்கு 6 பாயின்ட்தான், ஒரு பத்தி இருந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அந்த நேரம் போன் கையில் இருக்கக் கூடாது, மூழ்கும் பிள்ளை கத்தாது, கூப்பிடாது, சத்தமில்லாமல் போய்விடும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நிறுத்திய காருக்குள் பிள்ளையை ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. இந்த 28 பக்கத்தில் உயிர் காக்கும் பத்தி இது ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் நீரில் மூழ்குவது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. காரைப் பற்றியும் 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. மிதமான வெயிலிலேயே ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே முடிந்தது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிதாகக் குறையவில்லை.

இதைப் பின்னட்டையில் 6 பாயின்டில் வைத்தவர்கள் தயவுசெய்து 2-ஆம் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், 14 பாயின்டில் போடுங்கள். தலைமை ஆசிரியரின் கடிதம் பின்னட்டைக்குப் போகட்டும், அவரே சம்மதிப்பார். என் மகளும் மருமகனும் நான் படித்துக் காட்டும் வரை அந்தப் பத்தி அங்கே இருப்பதையே பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் எல்லோருமாக நீச்சல் குளத்துக்குப் போனபோது மருமகன் போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினார்.

19-ஆம் பக்கத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தலைப்பு, 'இன்று பார்த்தது'. அதன் கீழே ஏழுக்கு ஏழு, 49 கட்டம். ஒவ்வொரு கட்டமும் இரண்டரை சென்டிமீட்டர் சதுரம். தினமும் வெளியே பார்த்த ஒன்றை வரைய வேண்டும், அல்லது ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி. மதிப்பெண் இல்லை, கையெழுத்து இல்லை. நல்ல வேளையாக இந்தத் தாள் மட்டும் பூச்சில்லாதது, எழுதினால் பிடித்தது. இரண்டு கையேட்டிலிருந்தும் அந்தத் தாளை எடுத்துக் கதவில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஒட்டினோம்.

முதல் வாரம் இருவரும் சூரியன், பூ, சூரியன், பூ என்றுதான் வரைந்தார்கள். இரண்டாவது வாரம் பேரனின் கட்டத்தில் எறும்பு வரிசை வந்தது. அப்புறம் ஐந்து நாள் எறும்புதான். வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பான். ஒருநாள் வரிசைக்குக் குறுக்கே விரலால் தரையில் ஒரு கோடு இழுத்தான். கோட்டுக்கு வந்த எறும்பு நின்றது, இடமும் வலமும் போனது, திரும்பியது. பின்னால் வந்தவை எல்லாம் அங்கேயே குழம்பி நின்றன. "ரோடு அழிஞ்சுபோச்சு தாத்தா" என்றான். எறும்புகள் தரையில் விட்டுப்போகும் வாசனைதான் பின்னால் வருவதற்கு வழி, அவன் விரல் அதைத் துடைத்துவிட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு எறும்பு துணிந்து தாண்டியது, இன்னொன்று அதன் பின்னால் போனது, வரிசை மறுபடி கூடிவிட்டது. அன்றைய கட்டத்தில் நடுவில் உடைந்த ஒரு கோடும், அதைத் தாண்டும் ஒரே ஒரு புள்ளியும் வரைந்தான். நான் இந்தக் கையேட்டுக்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால் அந்தக் கட்டத்துக்காகவே போடுவேன்.

பேத்தி நிழல்களில் இறங்கினாள். வாசற்கம்பத்தின் நிழல் நுனியில் காலையிலிருந்து மணிக்கு ஒரு கல் வைத்தாள். சாயங்காலம் கற்கள் ஒரு வளைந்த வரிசையாக நின்றன. நடுப்பகல் கல் கம்பத்துக்குப் பக்கத்தில், மாலைக் கல் மதிலோரம். இரண்டு பேரும் இதற்காகத் தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்தார்கள். சீனாவின் குவாங்ஜோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. மூன்று வருஷத்தில், அப்படி வெளியே விட்ட பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். வாழ்நாளெல்லாம் கண்ணைக் கொண்டு பிழைத்தவன் நான், இந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தப் பக்கத்திலும் ஒரு அச்சுக் குறை உண்டு. 19-இன் பின்பக்கம், அதாவது 20-இல், அடுத்த வருஷத்துக்கு வாங்க வேண்டிய நோட்டு, பென்சில் பட்டியலைப் போட்டுவிட்டார்கள். கதவில் ஒட்டினால் பட்டியல் மறைந்துவிடுகிறது. நான் ஒட்டுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், எல்லோருக்கும் அது தோன்றாது. தாளை இழுக்கும்போது முதுகுப் பின் தளர்ந்து, அதற்கு ஜோடியான 9, 10-ஆம் பக்கத் தாளும் கழன்று வந்தது. 49 கட்டத்தையும் நடுத்தாளில், 14, 15-ஆம் பக்கங்களில் விரித்துப் போட்டால் பின்னைத் தூக்கிச் சுலபமாக எடுத்துவிடலாம், ஒட்டுவதற்கும் இரண்டு மடங்கு இடம் கிடைக்கும், கட்டங்களும் பெரிதாகும். அந்தத் தாளின் பின்பக்கங்கள் 13-உம் 16-உம் வெறுமையாக இருக்கட்டும். இரண்டு பக்கம் வீணாகிறதே என்று நினைக்க வேண்டாம், பிள்ளைகள் அதிலும் வரைவார்கள்.

பள்ளி திறந்த அன்று, அது புதன்கிழமை, பேத்தி வகுப்புக்குப் போகும் முன்பே வராண்டாவில் தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடித்துவிட்டாள். ஒன்றல்ல, இரண்டு பேருக்கு. நான் ஆபீஸுக்குப் போய், இந்தக் குறிப்புகளையெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் மெய்ப்புக் குறிகளோடு எழுதிய பிரதியைக் கொடுத்தேன். கையேட்டைத் தொகுத்த டீச்சரே வெளியே வந்து வாங்கிக்கொண்டார். நின்றபடியே புரட்டி, 28-ஆம் பக்கத்தில் நிறுத்தி, "இதை முன்னாடி கொண்டுவந்துடறோம் ஐயா" என்றார். அப்புறம், "அடுத்த வருஷம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.